கட்டாத வீட்டின் நாலாவது மாடி

கிடங்குத் தெருவில் இன்றுவரை கட்டப்படாத கட்டடத்தின் நாலாவது மாடிக்கு முதலில் குடிவந்தவள் ரைட்டக்கா. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், டவுன் பஸ்ஸில் டியூட்டி முடிந்து, தோளில் ஒரு பையும் அக்குளில் சுருட்டிய பாயுமாக வந்தவள், காலி மனையின் வலது மூலையில் இல்லாத படிக்கட்டில் ஏறினாள். ஒவ்வொரு தளத்திலும் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, நாலாவது மாடிக்குப் போனதும் பாயை விரித்து உட்கார்ந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். எதிர் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். பால் கடைக்காரர் பார்த்தார். யாரும் கூச்சல் போடவில்லை. அந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடியவர்கள் எல்லாருமே அதைவிட நம்ப முடியாத இடங்களைப் பார்த்தவர்கள். சமையல் மேடைக்கு மேல் கட்டிலைத் தொங்கவிட்டு அதைத் தனியறை என்று காட்டினார்கள். மாடிப்படிக்குக் கீழே கதவு மாட்டி, காற்றோட்டமான வீடு என்று விளம்பரம் போட்டார்கள். அந்த வரிசையில் இது ஒன்றும் மோசமில்லை, காற்றோட்டமாவது நிஜம் என்று பால் கடைக்காரர் சொன்னார்.

பஸ் கண்டக்டர்கள் எல்லாரும்தான் 'போலாம் ரைட்' சொல்கிறார்கள். ஆனால் இவள் சொன்னால் டிரைவருக்கு மட்டுமல்ல, ரோட்டில் போகிற சைக்கிள்காரனுக்கும் கிளம்பத் தோன்றும். அதனால் வந்த பெயர். அவள் புருஷன் தரைக்கு டைல்ஸ் போடுகிறவன். ரசமட்டத்தை வைத்து, அதன் கண்ணாடிக் குழாயில் குமிழி நடுவில் நிற்கும்வரை மூச்சு விடமாட்டான் என்பார்கள். ஒட்டிய டைல்ஸை ஒவ்வொன்றாக ரப்பர் சுத்தியலின் கைப்பிடியால் தட்டிப் பார்ப்பான். அடியில் சிமென்ட் பிடிக்காமல் பொக்காக இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். தான் போட்ட தரையோ பிறத்தியார் போட்டதோ, தட்டிப் பார்க்காமல் கால் வைக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. கல்யாண மண்டபத்து மேடையையே தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினான், பெண்வீட்டார் முகம் கோணிப்போனது.

கல்யாணத்துக்கு அப்புறம் அவர்களுக்கென்று ஒரு வீடு அமையவில்லை. வாடகை எல்லாம் எட்டாத உயரத்தில் இருந்தது. அவள் பெண்கள் விடுதியில் இருந்தாள், அவன் வேலை நடக்கிற வீடுகளில் படுத்துக்கொண்டான். அவளுக்கு லீவு கிடைக்கிற நாளில் அவன் தரை போட்டு முடித்த வீட்டுக்கு வந்துவிடுவாள். கதவு மாட்டாத அறைகளில், சிமென்ட் வாசனையில், யாரோ வாழப்போகிற வீடுகளில் அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடும்பம் நடத்தினார்கள். சொந்தக்காரர்கள் சாமான்களோடு வந்து இறங்கும்போது இவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கமாக வெளியேறுவார்கள். அந்த ஊரில் அவர்கள் வாழாத பேட்டையே இல்லை என்று ரைட்டக்கா பஸ்ஸில் ஜன்னல் வழியே காட்டிச் சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு ஊர் கட்டுவதை நிறுத்திக்கொண்டது. ஒரே நாளில் நடந்ததல்ல அது. ஒரு தெருவில் மரத்துக்காக நிறுத்தினார்கள், ஒரு தெருவில் கார் நிறுத்த இடம் போதாது என்று நிறுத்தினார்கள், இன்னொரு தெருவில் பழைய அழகு கெட்டுவிடும் என்றார்கள். தனித்தனியாகக் கேட்டால் எல்லாக் காரணமும் நியாயமாகத்தான் இருந்தது. வேலை தேடி ஊருக்கு வருகிறவர்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள், அவர்களை நிறுத்த ஒரு காரணமும் அகப்படவில்லை. இருக்கிற வீடுகளுக்கு எல்லாரும் போட்டி போட, வாடகை கழுத்தைப் பிடித்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவர்களும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்களும் இரண்டு பஸ் மாறி விடியுமுன் ஊருக்குள் வந்து, இருட்டியபின் வெளியே போனார்கள். தரை போட வீடுகள் இல்லாததால் டைல்ஸ்காரனுக்கு வேலை போனது. வேலையோடு, அவர்கள் குடும்பம் நடத்திய அறைகளும் போயின.

அந்தச் சமயத்தில்தான் பழைய பஞ்சுக் கிடங்கை இடித்துவிட்டு, அந்த மனையில் ஐந்து மாடியில் சின்னச் சின்ன வீடுகள் கட்டப்போவதாக ஒரு கட்டடக்காரர் அறிவித்தார். புருஷனும் பெண்சாதியும் நாலாவது மாடியில் மூலை வீட்டுக்குப் பெயர் எழுதிவைத்தார்கள். வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்த டைல்ஸ்காரன், காலி மனையில் சுண்ணாம்புத் தூளால் அந்த வீட்டை அளவு பிசகாமல் தரையில் வரைந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவு நாளும் இருவரும் அந்தக் கோடுகளுக்குள் போய் உட்கார்ந்தார்கள். அவள் சுவரைத் தாண்டி நடந்தால், அது சுவர், சுற்றிக்கொண்டு வா என்று அவன் திருப்பி அனுப்புவான். படிக்கட்டு எங்கே திரும்புகிறது, கைப்பிடி எந்தப் பக்கம், எந்த ஜன்னலில் காலை வெளிச்சம் விழும் என்பதெல்லாம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வந்தது. மழையில் கோடு அழிந்தால் திரும்ப வரைந்தான். அந்தக் கோட்டு வீட்டில் இருக்கும்போதுதான் ஒரு நாள் அவள் மாதம் தள்ளிப்போயிருக்கிற விஷயத்தைச் சொன்னாள். அவன் சந்தோஷத்தில் எழுந்து கதவைத் தாண்டாமல் சுவர் வழியாக ஓடிவிட்டான்.

விடுதியில் குழந்தைக்கு இடமில்லை. வார்டன் தங்கமான மனுஷி, வயிறு வெளியே தெரிகிறவரை கண்டும் காணாமல் இருக்கிறேன் என்றார். அதற்குமேல் அவர் கையில் ஒன்றுமில்லை. ஆகவே அந்தக் கட்டடத்துக்கு அனுமதி தருவதா என்று முடிவு செய்கிற நகரத் திட்டக் குழுவின் கூட்டத்துக்கு ரைட்டக்கா யூனிபார்மோடே போனாள். டைல்ஸ்காரன் வேலைக்காக வேறு ஊர் போயிருந்தான். மண்டபம் நிரம்பியிருந்தது. வந்தவர்கள் எல்லாம் தெருவில் ஏற்கனவே வீடு வைத்திருப்பவர்கள். வீடு இல்லாதவர்கள் அந்நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தார்கள்.

எதிர்த்து முதலில் பேசியவர், தெருவில் எல்லாரும் வெயில்காரர் என்று அழைக்கும் எதிர்வீட்டுக்காரர். கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். டைப்பிஸ்ட் சம்பளத்தில் வீடு வாங்க முடிந்த காலத்தில் வீடு வாங்கியவர். முழங்கால் வலிக்கு, சாயங்காலம் மொட்டைமாடியில் விழுகிற வெயிலில் கால் நீட்டி உட்காருவதுதான் அவருக்கு மருந்து. கட்டடம் வந்தால் அந்த வெயில் போய்விடும் என்று வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி வீக்கத்தைக் காட்டினார். பொய்யில்லை, வீங்கித்தான் இருந்தது. அவருக்குப் பின் தண்ணீர்க் குழாய்க்காக ஒருவர், கார்களுக்காக ஒருவர், தெருவின் தோற்றத்துக்காக ஒருவர் என்று வரிசையாகப் பேசினார்கள். கடைசியில் ரைட்டக்கா எழுந்தாள்.

"நான் பஸ்ல தினமும் பாக்குறதுதான் சார் இங்கயும் நடக்குது. கீழ நிக்கிற வரைக்கும், கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க, நாங்களும் வரணும்னு கெஞ்சுவாங்க. ஏறி உள்ள வந்ததும் அவங்களேதான், இடமே இல்ல, வண்டிய எடுங்கன்னு கத்துவாங்க. பஸ்லயாவது அடுத்த வண்டி வரும்னு சொல்லி சமாதானம் பண்ணலாம். இங்க அடுத்த வண்டியவே விட மாட்டேங்கறீங்களே."

மண்டபம் சிரித்தது, கை தட்டியது. வெயில்காரரும் தட்டினார், அவருக்கு நல்ல பேச்சு பிடிக்கும். தலைவர் அவளுடைய உதாரணத்தை மிகவும் பாராட்டிவிட்டு, எல்லாருக்கும் தேநீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, கட்டடக்காரரின் மனுவைத் தள்ளுபடி செய்தார். கட்டடக்காரர் ஐந்து மாடியை மூன்றாகக் குறைத்துக்கொண்டு மறுபடி வந்தார். மூன்று மாடிக்கும் நிழல் விழும் என்று அதையும் தள்ளினார்கள். அவர் கையைக் கழுவிக்கொண்டு ஊரைவிட்டே போனார். அந்த வாரம்தான் வார்டனால் கண்டும் காணாமல் இருக்க முடியாமல் போனது. அந்த வியாழக்கிழமைதான் ரைட்டக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, கால் அறிந்த படிகளில் ஏறினாள்.

இது அவளால் எப்படி முடிந்தது என்று பிற்பாடு பெரிய படிப்பு படித்தவர்கள் வந்து கேட்டபோது, ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று பழகின காலுக்கு இது பெரிய விஷயமில்லை என்று சொல்லிவிட்டு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டாள். வசதியான வீடு என்று அதைச் சொல்ல முடியாது. சுவர் இல்லாததால் காற்று அடித்தது, கூரை இல்லாததால் மழை நனைத்தது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருந்தது, கை தவறியது மட்டும் கீழே விழுந்தது. தெருவில் போகிறவர்கள் ஸ்பூன்களுக்குத் தலையைக் குனிந்து போகப் பழகிக்கொண்டார்கள். குழுவிலிருந்து ஓர் அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, கட்டடம் எதுவும் கட்டப்படாததால் விதிமீறல் எதுவும் இல்லை என்று சொல்லிக் கிளம்பினார். பிறகு அந்தக் கட்டடத்தில் வீட்டுக்குப் பெயர் எழுதிவைத்திருந்த மற்றவர்கள் வந்தார்கள். பல் ஆஸ்பத்திரி உதவியாளர் மூன்றாவதுக்கும், கணக்கு வாத்தியாரம்மா தன் அக்காவோடு இரண்டாவதுக்கும் ஏறினார்கள். வருஷம் முடிவதற்குள், ஊரில் எங்கெல்லாம் அனுமதி மறுத்தார்களோ அங்கெல்லாம் வானத்தில் ஆள் குடிவந்தார்கள். ஏரிக்கரையில் மறுக்கப்பட்ட எட்டு மாடியில் சாயங்காலமானால் துணிகள் காய்வதை ரயிலிலிருந்தே பார்க்கலாம்.

டைல்ஸ்காரன் திரும்பி வந்தபோது பெண்சாதி தலைக்குமேல் இருந்தாள். அவள் கையாட்டினாள். அவன் மனையின் வலது மூலைக்குப் போய், குனிந்து, முதல் படி இருக்க வேண்டிய இடத்தைச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டினான். கைப்பிடி காற்றில் போய் வந்தது. காலைத் தூக்கி வைத்தான், கால் தரைக்கே வந்தது. மறுபடி தட்டினான்.

"ஏங்க, தட்டாதீங்க. சும்மா பேசிக்கிட்டே ஏறி வாங்க" என்று அவள் மேலிருந்து சொன்னாள்.

"தரை இல்லாத இடத்துல எப்படிம்மா கால வைக்கிறது?" என்றான் அவன். ஊரில் வேறு யாரும் அதுவரை கேட்காத கேள்வி அது.

அன்று முழுக்க முயன்றான். தட்டக் கூடாது என்று சுத்தியலை வீசி எறிந்தான், அப்போது விரல் முட்டி தானாகத் தட்டியது. கையைக் கட்டிக்கொண்டால் பெருவிரல் தட்டியது. தட்டத் தட்ட எதுவும் இல்லை என்பது உறுதியாகிக்கொண்டே போனது. கடைசியில் மனையின் நடுவில் தன் படுக்கையைப் போட்டான். அவர்கள் அன்றிலிருந்து ஒரே முகவரியில்தான் இருந்தார்கள். அவள் டியூட்டிக்கு இறங்கும்போதும் திரும்பும்போதும் பேசிக்கொள்வார்கள். அவனுக்குச் சாப்பாட்டை அவள் கயிற்றில் இறக்குவாள்.

பெண் குழந்தை ஆஸ்பத்திரியில் பிறந்து மாடிக்குப் போனது. அதன் முதல் வருஷம் முழுக்க டைல்ஸ்காரன் நாலு கம்பு நட்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதனடியில் தூங்காமல் கிடந்தான். மேலே அது குப்புற விழுந்தால் கீழே இவனுக்கு மூச்சு நின்றது. குழந்தை விழவே இல்லை. அதற்கு வேறு தரை தெரியாது. தவழ்ந்தது, உட்கார்ந்தது, ஒரு நாள் எழுந்து நின்று அப்பனைப் பார்க்கக் கீழே குனிந்து சிரித்தது. தன் மகளின் பாதங்களை அடியிலிருந்து மட்டுமே பார்த்து வளர்த்த தகப்பன் அந்த ஊரில் அவன் ஒருவன்தான். குதிகாலில் இருந்த மச்சம் பெரிதாவதைக்கூட அவன் கவனித்து வைத்திருந்தான். ஏக்கம் வந்தால் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்வான், மேலிருந்து பார்ப்பவர்களுக்குத் தூங்குவதுபோல் இருக்கும்.

அவன் சும்மா கிடக்கவில்லை. அந்த மனையில் நிஜமாகவே வீடு கட்ட வேண்டும் என்று தானே மனுப் போட்டான், தள்ளினால் திரும்பப் போட்டான். இந்த முறை வெயில்காரரும் கூட வந்தார். அவருடைய ஒரே மகள், இரண்டு பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்ப ஆசைப்பட்டு, அப்பா வீட்டில் தம்பி குடும்பத்துக்கே இடம் பற்றாமல், எதிரே கட்டாத முதல் மாடியில் ஏறியிருந்தாள். அவளுடைய நிழலும் அவள் சாமான்களின் நிழலும் சேர்ந்து சாயங்காலம் அவருடைய மொட்டைமாடியில் விழுந்தது. அவர் அந்த நிழலில் கால் நீட்டி உட்கார்ந்தார்; மழை நாளில், எதிரே மகள் பிள்ளைகளின் தலைக்கு மேல் தட்டைப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் அவர் எழுந்து, நான் அன்றைக்குப் பேசியது தப்பு, என் முழங்கால் போனால் போகட்டும், கட்டிக் கொடுங்கள் என்றார். யாரும் கை தட்டவில்லை.

எதிர்ப்பு இந்த முறை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மூன்றாவது மாடியின் பல் ஆஸ்பத்திரிக்காரர் இறங்கி வந்திருந்தார். கட்டடம் கட்ட வேண்டுமானால் எங்களைக் காலி பண்ணச் சொல்வீர்கள், கட்டி முடித்தால் புதிது புதிதாக ஆட்கள் வருவார்கள், இருக்கிறவர்களுக்கே காற்று போதவில்லை என்றார். ரைட்டக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் கண்ணைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

தலைவர் அன்பாகப் பேசினார். "எல்லாரும்தான் அழகா அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டாங்களே. அப்புறம் என்ன அவசரம்?"

அப்போது டைல்ஸ்காரன் எழுந்து, தான் இன்னும் தரையில்தான் படுத்திருப்பதாகச் சொன்னான். குழு கூடிப் பேசியது. இடமில்லாதவர் ஒருவராவது கீழே இருக்கும்வரை மனு நிலுவையில் இருக்கும், அவரும் ஏறிவிட்டால் தேவை தீர்ந்ததாகக் கொண்டு முடித்துவிடலாம் என்று தீர்மானித்தார்கள். அன்றிலிருந்து, ஏற முடியாதது அவனுக்கு ஒரு வேலையாகவும் ஆகிவிட்டது. அந்த ஊரில் வீடு கட்டப்படுவதற்கு மிச்சமிருந்த ஒரே காரணம், பொட்டல் மனையில் பாய் விரித்துப் படுத்திருந்தது. மற்றத் தெருக்காரர்கள் வந்து பார்த்து, விட்டுடாதீங்க என்று சொல்லி, பழமும் போர்வையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். மகள் பள்ளிக்கூடம் போக இறங்கி வரும்போது அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருவாள். கெட்டித் தரை அவளுக்குக் காலை வலிக்கும். எப்போப்பா வீட்டுக்கு வருவே என்று கேட்பாள். வீடு கட்டினதும் வருவேன் என்பான் அவன். அதான் இருக்கே என்று அவள் அண்ணாந்து கை காட்டுவாள்.

வருஷங்கள் ஓடின. அவனுக்குக் கொஞ்சம் வழுக்கை விழுந்தது, ரைட்டக்காவுக்கு விசில் ஊதினால் மூச்சு வாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டைல்ஸ்காரன் காய்ச்சலோடு படுத்திருந்தான். முதல் மாடியில் வெயில்காரரின் பேரப்பிள்ளைகளோடு அவன் மகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தாள். பந்து தொம் தொம்மென்று அவன் தலைக்கு மேலேயே குதித்தது. அவன் புரண்டு படுத்தான், காதைப் பொத்தினான், கடைசியில் பொறுமை போய், கீழ்வீட்டுக்காரர்கள் எல்லாரும் செய்வதுபோல், பக்கத்தில் கிடந்த நீளத் துடைப்பத்தை எடுத்து, எழுந்து நின்று அதன் கட்டையால் மேலே ஓங்கித் தட்டினான்.

டொக் என்று கேட்டது.

பந்து நின்றது. டைல்ஸ்காரன் துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே இருந்தான். கொஞ்சம் தள்ளி மறுபடி தட்டினான். மூலையில் தட்டினான். எங்குமே பொக்கு இல்லை. அவ்வளவு கெட்டியான தளத்தை அவன் வேலை செய்த எந்த வீட்டிலும் தட்டியதில்லை. பிறகு வலது மூலைக்குப் போய், முதல் படியைத் தட்டினான். அதுவும் சத்தம் கொடுத்தது. கால் வைக்கவில்லை. திரும்பி வந்து பாயில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடாமலே அழுதான்.

அன்று சாயங்காலம் ரைட்டக்கா டியூட்டி முடிந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் விஷயத்தைச் சொன்னான். ஏறினால் இனி யாரும் கட்டமாட்டார்கள் என்றும் சொன்னான். ஏரிக்கரையிலும் ரயில்வே லைன் ஓரத்திலும் வானத்தில் குடியிருப்பவர்கள், இன்னும் ஊருக்குள் வரப்போகிறவர்கள் எல்லாரும் அவள் கணக்கில் இருந்தார்கள். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கொதித்தது.

"காய்ச்சலோட இங்க கிடந்தா செத்துப் போயிடுவீங்க. செத்தாலும் முடிஞ்சுதுன்னுதான் எழுதுவாங்க. வாங்க, உள்ள தள்ளிப் போலாம்."

அவனுடைய பாயை அவள் சுருட்டினாள். படி படியாகத் தட்டிக்கொண்டே அவன் ஏறினான், அதனால் நாலு மாடிக்கும் ரொம்ப நேரம் பிடித்தது. தெருவில் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். வெயில்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாசலாக இருக்க வேண்டிய இடத்தில் வாசல் வழியாகவே நுழைந்து, சமையலறைச் சுவரைச் சுற்றிக்கொண்டு போய், ஜன்னலோரமாக அவன் படுத்தான். மகள் வந்து ஒட்டிக்கொண்டாள். அவளுடைய உச்சந்தலையை அந்த வீட்டுக்குள் அவன் முதல் தடவையாக மேலிருந்து பார்த்தான், சுழி இரண்டு இருந்தது.

மறுநாள் காலை அதிகாரி வந்து காலி மனையைப் பார்த்துவிட்டு, தேவை தீர்ந்தது என்று மனுவை முடித்துவைத்தார். ஊரில் அதற்குப் பிறகு யாரும் எதையும் கட்டவில்லை, வருகிறவர்கள் மறுக்கப்பட்ட இடம் எது என்று விசாரித்து ஏறிக்கொள்கிறார்கள். தபால்காரர் கல்லில் கடிதத்தைச் சுற்றி மாடிக்கு எறியக் கற்றுக்கொண்டார். டைல்ஸ்காரனுக்குக் காய்ச்சல் விட்டதும் மழைக்காலம் ஆரம்பித்தது. முதல் மழை சாயங்காலம் வந்தது. ரைட்டக்கா அடுப்பை மூடினாள், மகள் புத்தகப்பையை மடியில் வைத்துக் குனிந்துகொண்டாள், அவன் பாயை இருவர் தலைக்கும் மேலே பிடித்தான். கல்யாணமானதிலிருந்து ஆசைப்பட்டபடி அவர்கள் எல்லாரும் ஒன்றாக, தங்கள் வீட்டுக்குள்ளேயே நனைந்தார்கள்.